எனக்கு இங்கிலீஷ் விளங்காமல் போன நாள்

போன கிழமை இளம் மொழிபெயர்ப்பாளர்களான உங்களில் ஒருத்தி, ரொறன்ரோ மில்லிக்கனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். அகதி விசாரணைகளில் வாயால் மொழிபெயர்க்கும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவள். நல்ல பிள்ளை. சப்பாத்தைக் கழற்றும்போதே பேசத் தொடங்கிவிட்டாள்.

"அன்ரி, ஐ ஹாவ் அ கொஸ்சன். இந்த ஹீட், பிரஷர் பற்றின இடியம்ஸ் இருக்குத்தானே, அதுகளுக்கெல்லாம் கரெக்ட் தமிழ் என்ன எண்டு சொல்லுங்கோ. ஐ வில் ஜஸ்ட் மெமரைஸ் இட்."

பாடமாக்கப் போகிறாளாம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். ஒருவன் "ஹொட் வோட்டரில்" இருக்கிறான் என்றால் வில்லங்கத்தில் மாட்டியிருக்கிறான் என்று அர்த்தம். "ஹொட் சீட்டில்" இருக்கிறவனை ஆளாளுக்குக் கேள்வி கேட்டு வதைக்கிறார்கள். "டேர்ன் அப் த ஹீட்" என்றால் நெருக்குதலைக் கூட்டுவது. "புளோ ஓஃப் ஸ்டீம்" என்றால் உள்ளே அடைத்து வைத்த ஆத்திரத்தை எங்கேயாவது கொட்டித் தீர்ப்பது. வருடத்தில் பாதி நாள் பனிக்குள் விறைத்துக் கிடக்கிற சனத்துக்குப் பேச்சு முழுக்க அடுப்பும் கொதிநீரும்தான். ஏக்கமாக இருக்கலாம். எங்களுக்கு வயிறு எரியும், நெஞ்சு கொதிக்கும், மாமியார் வாயைத் திறந்தால் காதால் புகை வரும். ஆனால் பிரஷர் என்றால் அது டொக்டர் குளிசை தருகிற வருத்தம் மட்டும்தான்.

பிள்ளை எல்லாவற்றையும் ரெலிபோனுக்குள் ஏற்றிக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டாள். போன பிறகுதான் எனக்கு மனம் கேட்கவில்லை. அவள் கேட்டதற்குப் பதில் சொன்னேன், அவளுக்குத் தேவையானதைச் சொல்லவில்லை. அர்த்தம் அகராதியிலேயே இருக்கிறது, அதற்கு ஒரு கிழவி தேவையில்லை. மற்றதை இங்கே எழுதுகிறேன். வாசிக்க நேரமில்லாதவர்கள் பட்டியலைப் பாடமாக்குங்கள், ஆண்டவன் உங்களிடம் அகப்படுகிற அகதிகளைக் காப்பாற்றட்டும்.

நான் மட்டக்களப்பு. கலியாணம் கட்டி, எழுபதுகளின் கடைசியில் ரொறன்ரோவுக்கு வந்தேன். ஒரு இன்சூரன்ஸ் கொம்பனியில் ரைப்பிங் வேலை கிடைத்தது. எங்களுக்கு மேலே ஒரு மனுசி இருந்தாள். நெருப்பும் நீராவியும் இல்லாமல் அவளுக்கு ஒரு வசனம் வராது. ஒரு கடிதம் பிந்தினால் நாங்கள் எல்லோரும் கொதிநீருக்குள். முகாமையாளர் வந்து போனால் அவளுக்கு உலை மூடி பறக்கும். அவள் ஏசாத நாளில் எனக்குப் புதுச் சொல் ஒன்றும் கிடைக்காது. அப்படி ஏச்சு வாங்கி வாங்கியே, இந்த ஊரில் பிறந்தவர்களுக்குக் குறையாத இங்கிலீஷ் எனக்கு வந்துவிட்டது. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். அடக்கமாக இருப்பதற்கான வயதெல்லாம் எனக்குக் கடந்துவிட்டது.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் சனம் வரத் தொடங்கியது. இங்கே பார்க்டேல் பகுதியில் ஒரே அறைக்குள் ஆறேழு பேர் படுத்தெழும்பினார்கள். விசாரணைகளுக்குத் தமிழும் இங்கிலீஷும் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடியபோது யாரோ என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ரைப்பிங்கை விட்டுவிட்டுப் போனேன். நாட்டுக்கும் இனத்துக்கும் தொண்டு செய்யப் போனேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அந்த மனுசியின் முகத்தில் முழிக்காமல் இருக்கத்தான் போனேன்.

அந்தக் காலத்து விசாரணையை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். யன்னல் இல்லாத சின்ன அறை. ஒரு அதிகாரி, அகதியாக ஏற்கும்படி கேட்டு வந்தவர், இருந்தால் அவருடைய லோயர், நாங்கள். மேசை நடுவில் ஒரு ரேப் ரெக்கோடர். சத்தியம் எடுத்துவிட்டுக் கேள்வி கேட்பார்கள். ரேப்பில் விழுந்ததை ஒரு சொல் விடாமல் ரைப் அடித்து ஒட்டாவாவுக்கு அனுப்புவார்கள். முடிவு எடுக்கிறவர்கள் அங்கேதான் இருந்தார்கள். வந்தவரின் முகத்தை அவர்கள் பார்க்கப் போவதில்லை, கை நடுங்கியதையும் காணப் போவதில்லை. "ஓம்" என்று ரேப்பில் விழுந்தால் அவர்களுக்கு அது ஓம்தான்.

எனக்கு வேலை பழக்கியவர் ஒரு ஹங்கேரிக்காரப் பெண்மணி. பெயர் வேண்டாம், உயிரோடு இருந்தால் கோபிப்பார். முதல் நாளே என்னை வெளியே கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னார். "வாயைத் திறக்கச் சொன்னால் திற. மற்ற நேரம் நீ ஒரு கதிரை. கதிரை அழுவதில்லை, கதிரை யாருக்கும் புத்தி சொல்வதில்லை." நல்ல சட்டம். உங்களில் சிலர், சாட்சி சொல்கிறவர் வாயைத் திறக்க முதலே அவருடைய கதையை முடித்து வைக்கிறீர்களாம், கேள்விப்பட்டேன். அவர்கள் இந்தப் பந்தியை இரண்டு தரம் வாசிக்கவும்.

இனி, அந்தச் சட்டம் எனக்கு உதவாமல் போன இடத்துக்கு வருகிறேன்.

எண்பத்தாறு, எண்பத்தேழு இருக்கும். நல்ல மாரி, வெளியே பனி. காத்திருக்கும் இடத்தில் ஒருவர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, முதுகு கதிரையில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் எல்லோரும் யாரோ கொடுத்த குளிர் ஜக்கெட்டுக்குள் சுருண்டு கிடக்க, இவர் மட்டும் கந்தோருக்கு வந்தவர் போல இருந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத்துத் தபாற்கந்தோரில் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். இராணுவம் பிடித்து அடித்து விட்டிருந்தது. இங்கே ஒருவரும் இல்லை. மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறைக்குள் ஒளிந்திருந்தார்கள். இவருக்குச் சரிவந்தால் அவர்களைக் கூப்பிடலாம். சரிவராவிட்டால் இவரை அங்கேயே திருப்பி அனுப்புவார்கள், மூன்று பேருக்கும் போக்கிடம் இல்லை.

வணக்கம் சொல்லி, உங்களுக்கு மொழிபெயர்க்க வந்திருக்கிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை எந்த ஊர்?"

"மட்டக்களப்பு, ஐயா."

"ஓ... மட்டக்களப்போ." அந்த ஒரு "ஓ"வுக்குள் கிழக்கு மாகாணம் முழுவதையும் மடித்து வைத்துவிட்டார். "குறை நினையாதையும். எனக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. நான் வெள்ளைக்காரன் காலத்தில சேர்விசில சேர்ந்தனான். என்ர இங்கிலீஷில ஒரு கொமா திருத்தின துரை இல்லை."

"அப்ப லோயர் எங்கை, ஐயா?"

"லோயரோ? எனக்கு வாய் இல்லையோ?"

லோயரும் இல்லை. "சரி ஐயா. எண்டாலும் உள்ளுக்க ஏதும் விளங்காட்டி என்னை ஒருக்காப் பாருங்கோ, நான் சொல்லுறன்" என்றேன்.

சிரித்தார். "உமக்கு ஏதும் விளங்காட்டி நீர் என்னைப் பாரும்."

எங்கள் படித்த பெரியவர்களுக்கு இருந்த ஒரு வருத்தத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். செத்தாலும் சாவார்கள், இங்கிலீஷ் விளங்கவில்லை என்று சொல்லமாட்டார்கள். துரைமாருக்கு முன்னால் நின்று நின்று பழகியவர்கள். துரை ஒன்றைச் சொன்னால் உடனே "பிரிசைஸ்லி, சேர்" என்று சொல்ல வேண்டும். துரை உண்மையில் என்னதான் சொன்னார் என்பதைப் பிறகு வெளியே வந்து யாரிடமாவது நைசாக விசாரித்துக்கொள்ளலாம். இப்படித்தான் ஒரு தலைமுறையே பென்சன் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஊரில் அதனால் ஒரு கோப்பு பிந்தியிருக்கும், வேறு சேதம் இல்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. இந்த நாட்டின் வடக்கே ஏதோ சுரங்கப் பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவர். வெளிநாட்டுக்காரருக்கு மெதுவாகவும் சத்தமாகவும் சொன்னால் எல்லாம் விளங்கும் என்று மனதார நம்பினார். ஆகவே அந்த ஊர் இடியங்களை அப்படியே, மெதுவாகவும் சத்தமாகவும் சொல்லுவார். மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று போஸ்ட்மாஸ்டர் சொன்னதும் அவருக்குச் சரியான சந்தோஷம், நேரம் மிச்சம். என்னை மூலையில் உட்கார்ந்திருக்கச் சொன்னார், கூப்பிட்டால் மட்டும் பேசும்படி. கதிரையில் கதிரையாக இருந்தேன். அதற்கும் சம்பளம் உண்டு.

தொடக்கம் பிரமாதம். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், சேர்ந்த பதவி, எல்லாம் பத்திரிகைத் தலையங்கம் வாசிப்பது போலச் சொன்னார். எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, வீணாகப் பயந்துவிட்டேனே என்று. பிறகு அதிகாரி சம்பவத்துக்கு வந்தார். ஊருக்கு வெளியே ஒரு கண்ணிவெடியில் இராணுவ வண்டி சிதறிப் போனது. அன்றைக்கே இராணுவம் தபாற்கந்தோருக்குள் புகுந்து இவரை இழுத்துக்கொண்டுபோய், முகாமில் போட்டு அடித்தது. அந்த அடியைப் பற்றி இவர் சொன்னது இவ்வளவுதான். "ஐ வோஸ் டிடெய்ன்ட் அண்ட் அசோல்டட்." அரசாங்க உத்தியோகத்தர், மேலதிகமாக ஒரு சொல் செலவழிக்கமாட்டார்.

அதிகாரி தலையாட்டிக்கொண்டு கேட்டார். அன்றைக்கு அவர்களுடைய ஆட்கள் செத்திருக்கிறார்கள், ஆகவே அவர்கள் சும்மா "புளோவிங் ஓஃப் ஸ்டீம்", அப்படித்தானே?

"பிரிசைஸ்லி, சேர்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்று விளங்குகிறதா? அந்தக் கேள்வியில்தான் அவருடைய முழு வழக்கும் இருந்தது. இராணுவம் இவரைத்தான் குறிவைத்தது என்றால் இவர் அகதி. ஆத்திரத்தில் கண்ணில் பட்டவனையெல்லாம் அடித்தது, அதில் இவரும் அகப்பட்டார் என்றால், பாவம்தான், ஆனால் அகதி இல்லை, போய்வாரும். அதைத்தான் அதிகாரி கேட்டார். அதற்குத்தான் இவர் தன் வாயாலேயே, சத்தியத்தின் பேரில், ஓம் என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து இருக்கிறார்.

அதிகாரி அடுத்ததைக் கேட்டார். அப்படியென்றால் இராணுவத்தோடு நீங்கள் தனிப்பட "ஹொட் வோட்டரில்" இருந்ததில்லை?

"நொட் அட் ஓல், சேர்."

அவர் அதை உண்மையான வெந்நீர் என்று நினைத்தார் என்று நீங்கள் சிரிக்க வேண்டாம். அவ்வளவு மொக்கர் இல்லை அவர். அது ஏதோ சொல்வழக்கு என்று அவருக்குத் தெரியும். என்ன வழக்கு என்று தெரியாது. தெரியாது என்பது வெளியே தெரியக்கூடாது, அவ்வளவுதான். நான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேள்வி முடிந்ததும் கண் ஒரு கணம் அந்தரப்படும், அதிகாரியின் முகத்தைப் பார்க்கும். அதிகாரியுடைய தொனி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் பதில் போகும். பிறகு கழுத்துப்பட்டியைத் தடவிக்கொள்வார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அந்தக் கழுத்துப்பட்டியைப் பிடித்து உலுக்கி, "ஐயா, கொழும்பில மனுசியும் மகளும் இருக்கினம், நினைவிருக்கோ?" என்று கேட்க வேண்டும் போல இருந்தது. ரேப் சுற்றிக்கொண்டே இருந்தது.

நீங்கள் அந்த மூலையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அதிகாரியிடம், இவருக்கு விளங்கவில்லை என்று சொல்லலாம். உடனே அதிகாரி அவரைக் கேட்பார், உமக்கு விளங்கியதா என்று. "பெர்ஃபெக்ட்லி, சேர்" என்பார், அதுவும் ரேப்பில் விழும். பிறகு ஆண்டவன் வந்தாலும் அதை அழிக்க முடியாது. அல்லது அவரிடம் தமிழில் ரகசியமாகச் சொல்லலாம். மொழிபெயர்க்க வந்தவள் சாட்சிக்குச் சொல்லிக் கொடுக்கிறாள் என்று விசாரணையையே குழப்பிவிடுவார்கள். அல்லது வாயை மூடிக்கொண்டு கதிரையாக இருக்கலாம். என்னைப் பழக்கிய பெண்மணியே வந்து கேட்டாலும் குறை சொல்ல முடியாது. சம்பளமும் வரும், நல்ல பெயரும் நிற்கும், மனுசன் மட்டும் திரும்பிப் போவான்.

அந்த அறையில் யாராவது ஒருவர் "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லியாக வேண்டும். அவர் சொல்லப் போவதில்லை. அதிகாரிக்குத் தான் பேசியது விளங்கும். மிச்சம் இருந்தது நான்தான்.

கையை உயர்த்தினேன்.

"மன்னிக்க வேண்டும், சேர்" என்றேன். "என்னைக் கூப்பிட்டால் நான் சரியாக மொழிபெயர்ப்பேன் என்று சத்தியம் எடுத்திருக்கிறேன். இப்போது நீங்கள் சொன்ன 'புளோவிங் ஓஃப் ஸ்டீம்' எனக்கு விளங்கவில்லை. சாதாரண இங்கிலீஷில் சொல்லுவீர்களா?"

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கதிரை பேசினால் யாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். அது சாதாரண இங்கிலீஷ்தானே, அம்மா, என்றார்.

"எனக்கு விளங்கவில்லை, சேர்."

பெருமூச்சு விட்டார். பிறகு, குழந்தைக்குச் சோறு தீத்துவது போல, எனக்குச் சொன்னார். படைவீரர்கள் கோபத்தில் இருந்தார்கள். கோபத்தைத் தீர்க்கக் கையில் அகப்பட்டவர்களை அடித்தார்கள். இந்த மனிதரைத் தேடி வரவில்லை, இவர்மேல் தனியாக ஒரு விரோதமும் இல்லை. அதைத்தான் கேட்டேன், இவரும் ஆம் என்று ஒத்துக்கொண்டார்.

போஸ்ட்மாஸ்டரின் முகம் வெளிறிப் போனதை நான் கண்டேன். அந்த முகம் இன்றைக்கும் எனக்கு முன்னால் நிற்கிறது.

"நோ, சேர்!" என்று எழும்பிவிட்டார். "அப்படி இல்லை. அவர்கள் என்னைத்தான் கேட்டு வந்தார்கள்."

பிறகுதான் வந்தது கதை. அந்தக் கிராமத்துக்கே ஒரு ரெலிபோன்தான், அது தபாற்கந்தோரில் இருந்தது. ஜெர்மனியிலும் இங்கேயும் இருக்கிற பிள்ளைகள் கோல் எடுத்தால் தாய்மார் அங்கே வந்துதான் பேசுவார்கள். முகாம் கப்டன் பல தரம் வந்து, யார் யாரோடு என்ன பேசுகிறார்கள் என்று ஒட்டுக் கேட்டுச் சொல்லும்படி இவரை வற்புறுத்தியிருக்கிறான். இவர் மாட்டேன் என்றார். கண்ணிவெடிக்கு ஒரு கிழமைக்கு முன்னால் கடைசித் தரம் வந்து, இதற்கு நீ அனுபவிப்பாய் என்று சொல்லிவிட்டுப் போனான். வெடித்த அன்றைக்கு நேரே தபாற்கந்தோருக்குத்தான் வந்தான், இவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு. விட்ட பிறகும் வீட்டுக்குத் தேடி வந்தார்கள்.

"லைனைக் கொடுத்துவிட்டு நான் வெளியே போய் நிற்பேன், சேர்" என்றார் ஆங்கிலத்தில். "மற்றவர்களின் கதையைக் கேட்பது தபால் சேவை இல்லை."

ஏன் இதை முதலே சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"நீங்கள் கேட்கவில்லையே, சேர்."

மனுசனைக் கொல்லலாமா, கும்பிடலாமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கப்டனுக்குப் பணியாத முதுகெலும்பு, "விளங்கவில்லை" என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு பயப்பட வேண்டுமா!

அதிகாரி பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். நல்லது, என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிவது? இனிமேல் சாதாரண இங்கிலீஷில் கேட்போம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பாவம், தான் பேசுவது சாதாரண இங்கிலீஷ் என்றுதான் அவருடைய நினைப்பு. நான் "ஹொட் வோட்டருக்கு" ஒரு தரம் கை உயர்த்தினேன். கப்டன் "டேர்ன் அப் த ஹீட்" பண்ணினானா என்றதற்கு இன்னொரு தரம். இன்சூரன்ஸ் கொம்பனி மனுசி வாய் கிழியக் கத்திச் சொல்லித் தந்த அத்தனையையும், ஒவ்வொன்றாக, தெரியாது, தெரியாது என்று திருப்பிக் கொடுத்தேன். அதிகாரியின் காது சிவந்தது. போஸ்ட்மாஸ்டர் என் பக்கம் திரும்பி, "பிள்ளை, உதுகூடவோ?" என்றார் மெல்ல. பிறகு அவருக்கே என்மேல் இரக்கம் வந்துவிட்டது. அதிகாரியைப் பார்த்து, நல்ல இங்கிலீஷில், "தயவுசெய்து இந்தப் பெண்ணைப் பொறுத்துக்கொள்ளுங்கள், சேர். இவர் கிழக்கு மாகாணம்" என்றார்.

அதுவும் ரேப்பில் இருக்கிறது. ஒட்டாவாவில் யாரோ அதை ரைப் அடித்திருப்பார்கள்.

முடிந்து வெளியே வந்ததும் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டார். "மனம் தளராதையும், பிள்ளை. நாளுக்கு ஒரு தலையங்கம் வாசியும். விளங்காத சொல்லை அடிக்கோடு போடும். ஒரு வருசத்தில பிடிச்சிடுவீர்."

"சரி ஐயா" என்றேன். வேறென்ன சொல்ல?

"டேக் த ஹீட்" என்று ஒன்று இருக்கிறது, மற்றவனுக்கு விழ வேண்டியதைத் தான் வாங்கிக்கொள்வது. கேட்கும்போது வீரமாக இருக்கும். உண்மையில் அது எப்படி இருக்கும் தெரியுமா? அதிகாரி ஒரு குறிப்பு எழுதினார், இந்த மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம் போதாது என்று. விசாரணைக்குக் கூப்பிட்டு எனக்கு வருகிற கோல்கள் குறைந்து, பிறகு நின்றேவிட்டன. என் மனுசன், "உனக்கு இங்கிலீஷ் தெரியாதாமே?" என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நான் பழையபடி இன்சூரன்ஸ் கொம்பனிக்குப் போய் நின்றேன். அந்த மனுசி என்னைச் சேர்த்துக்கொண்டாள், முதல் நாளே ஏசவும் செய்தாள். இன்றைக்கு, விளங்காததைக் கேட்டுத் தெளிவுபடுத்துவது மொழிபெயர்ப்பாளரின் கடமை என்று உங்களுக்கு வகுப்பு வைத்துப் படிப்பிக்கிறார்களாம், சான்றிதழும் கொடுக்கிறார்களாம். வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தது வேலைநீக்கம்.

போஸ்ட்மாஸ்டருக்குச் சரிவந்தது. மனைவியும் மகளும் வந்து சேர்ந்தார்கள். எனக்கு இதைச் சொன்னவர் பார்க்டேலில் ஒரு தமிழ்க் கடைக்காரர். நான் யார் என்று தெரியாமல், கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னார். "அந்த மனுசன்ர கேஸில ஒரு மட்டக்களப்புப் பொம்பிளையை விட்டிருக்கிறாங்கள், அக்கா. அவவுக்கு ஏ பி சி டியும் தெரியாதாம். இவர் தனிய நிண்டு இங்கிலீஷில வெளுத்து வாங்கி வெண்டிட்டார்." கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் அந்தத் தாயும் மகளும் வந்துவிட்டார்கள் என்பதும் கூடவே இருந்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆட்கள் வந்து குவிந்தார்கள், மொழிபெயர்க்க ஆள் போதவில்லை. என் இடத்துக்கு யாரை எடுத்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? அவரைத்தான்! அவ்வளவு நல்ல இங்கிலீஷ், அவ்வளவு நல்ல கழுத்துப்பட்டி. கேட்ட அன்றைக்கு நான் சமைக்கவில்லை.

வேலைக்குப் போகாத ஒரு நாள், மத்தியானம், வீட்டில் ரெலிபோன் அடித்தது.

"பிள்ளை, நான் போஸ்ட்மாஸ்டர். இஞ்ச கந்தோரில பழைய மொழிபெயர்ப்பாளர் லிஸ்டில உம்மட நம்பர் கிடந்தது." குரல் இறங்கியிருந்தது. "விசாரணையில நிக்கிறன். தண்ணி குடிக்கவேணும் எண்டு சொல்லிப்போட்டு வெளியில வந்தனான்."

"என்ன ஐயா?"

"ஒரு சின்னப் பெட்டை, கைக்குழந்தையோட. புருசனை ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். அவளின்ர புருசனை இயக்கப் பொடியள் 'ஹோல்ட் ஹிஸ் ஃபீட் டு த ஃபயர்' பண்ணினவங்களோ எண்டு கேக்கிறாங்கள். நான் பிழையாச் சொன்னால் அவள் பயத்தில ஓம் எண்டிடுவாள், பிள்ளை." பிறகு சொன்னார். "எனக்கு உது விளங்கேல்லை."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தன்னுடைய உயிருக்கும், மனைவி பிள்ளையின் உயிருக்கும் வாயில் வராத சொல். யாரோ ஒரு பெட்டைக்காக, பொதுரெலிபோனில் காசைப் போட்டு, மட்டக்களப்புக்காரியிடம் சொல்கிறார்.

"சொன்னதைச் செய் எண்டு ஆளை விடாமல் நெருக்குறதைத்தான் அப்பிடிச் சொல்லுறது, ஐயா" என்றேன். "ஆனால் என்னட்டைக் கேட்டுக்கொண்டு போய்ச் சொல்லாதேங்கோ. கேட்ட மனுசன் என்ன நினைச்சுக் கேட்டாரோ, அது அவருக்குத்தான் தெரியும். உள்ளுக்குப் போய், எனக்கு விளங்கேல்லை, வெளிப்படையாச் சொல்லுங்கோ எண்டு அவரையே கேளுங்கோ."

"அவர் என்ன நினைப்பார்?"

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது எண்டு நினைப்பார்."

"பிறகும் வேலைக்குக் கூப்பிடுவினமோ, பிள்ளை?"

"கூப்பிடமாட்டினம், ஐயா."

"சரி. நான் உள்ளுக்குப் போறன்" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு சில மாதம் ஒரு செய்தியும் இல்லை. நானும் கேட்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது. பிறகு ஒரு நாள் அவரே எடுத்தார்.

"அந்தப் பெட்டைக்கு ஓம் எண்டு வந்திட்டுது, பிள்ளை. இப்பதான் வந்து சொல்லிப்போட்டுப் போறாள்."

"நல்ல சந்தோசம், ஐயா."

"இன்னொண்டு. என்னை நிப்பாட்டிப் போட்டாங்கள்."

"என்னவாம் காரணம்?"

"எனக்கும் இங்கிலீஷ் தெரியாதாம்" என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அந்த மனுசன் சிரிப்பதை அன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டேன். நானும் சிரித்தேன். கனநேரத்துக்கு இரண்டு பேராலும் நிப்பாட்ட முடியவில்லை.